மச்சாளின் கதைக்கிற வேலை

மச்சாள்!

உங்கள் பெயர் இந்த நினைவு மலரின் முதல் பக்கத்தில், படத்துக்குக் கீழே, பெரிய எழுத்தில் இருக்கிறது. நான் அந்தப் பெயரைச் சொல்லி உங்களை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தாலும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டீர்கள். எனக்குத் தெரிந்த பெயர் மச்சாள்தான். மச்சாள், கேட்குதா? கேட்டிருந்தால் இதற்குள் ஒரு பதிலும், அதற்குப் பின்னால் ஒரு கதையும் வந்திருக்கும்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். அங்கே இலங்கையில் சண்டைக்குள் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து படிப்பு போனது. இங்கே வந்து இறங்கியதும் வேலை. எழுத்துப் பிழைகளைத் தான் பார்த்துக்கொள்வதாக அச்சகத்து அண்ணை சொல்லியிருக்கிறார். இந்த மலரில் மற்றவர்கள் எழுதியதை எல்லாம் அவர் எனக்கு வாசித்துக் காட்டினார். ஒருவர் மச்சாளை "அடக்கமே உருவானவர்" என்று எழுதியிருக்கிறார். அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மச்சாளோடு ஒரு தடவை பஸ்ஸில் போயிருந்தால் அவர் அப்படி எழுதியிருக்க மாட்டார். அதனால் நான் அவருடைய குணங்களைப் பற்றி எழுதப் போவதில்லை. அவர் ஆசைப்பட்ட வேலை அவருக்கு எப்படிக் கிடைத்தது என்பதைச் சொல்லுகிறேன்.

மச்சாள் என் அண்ணாவின் மனைவி. நாங்கள் மூன்று பேரும் ஸ்காபரோவில் ஒரு அப்பார்ட்மென்ரில் இருந்தோம். அண்ணாவுக்கு மிசிசாகாவில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வேலை. எனக்கும் மச்சாளுக்கும் நகரத்தின் ஓரத்தில் இருந்த "பழைய ஊரில்" வேலை.

பழைய ஊர் என்பது நாங்கள் வைத்த பெயர். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து, காட்டை வெட்டிக் குடியேறிய ஆட்கள் எப்படிச் சீவித்தார்கள் என்று காட்டுவதற்காக அந்தக் காலத்து வீடுகளைக் கொண்டுவந்து நட்டு வைத்திருக்கிற இடம் அது. மர வீடுகள், மா அரைக்கிற ஆலை, கொல்லன் பட்டறை, ஒரு கடை, ஒரு சின்னத் தேவாலயம், கொஞ்சம் செம்மறியாடுகள், பன்றிகள். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் அந்தக் காலத்து உடுப்புப் போட்ட ஒருவர் இருப்பார். அடுப்பு மூட்டுவார், மாவைக் குழைத்துப் பாண் சுடுவார், நூல் நூற்பார். பார்க்க வருகிறவர்கள் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லுவார்.

நாங்கள் அந்த வீடுகளுக்குள் இல்லை. வாசலோடு இருந்த சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில் சனம் சாப்பிட்ட கோப்பைகளைக் கழுவினோம். அந்த அறைக்கு யன்னல் இல்லை. கோப்பை கழுவுகிற மெஷின் இரைகிற இரைச்சலில் மச்சாளின் வாய் அசைவது மட்டும் தெரியும். ஆனாலும் அவர் நிறுத்தமாட்டார். கதையின் நடுப்பகுதியை அங்கே சொல்லி முடித்துவிட்டு, தொடக்கத்தையும் முடிவையும் பஸ்ஸில் சொல்லுவார்.

மத்தியானச் சாப்பாட்டை அவசர அவசரமாக விழுங்கிவிட்டு, கடைசியில் இருந்த மர வீட்டுக்குப் போய்விடுவார். அங்கே அடுப்படியில் ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண் இருந்தார். அவரிடம் தனக்குத் தெரிந்த இங்கிலிஷில் கேள்விகள் கேட்டு, கேட்டதையெல்லாம் பின்னேரம் பஸ்ஸில் எனக்கு ஒப்புவிப்பார்.

"எடியே, தெரியுமே, உவையும் வந்த புதிசிலை எங்களை மாதிரித்தான்."

"எப்பிடி மச்சாள்?"

"முதல் ஒரே ஒரு அறை. யன்னல் கிடையாது. பேஸ்மென்ற் எண்டு வையன். புருசன், பெண்சாதி, பிள்ளையள், புருசன்ரை தம்பி, எல்லாரும் அதுக்குள்ளை. காட்டை வெட்டித் துப்புரவாக்கி, சொன்ன அளவிலை ஒரு வீடும் கட்டிக் காட்டினால்தான் அரசாங்கம் காணி உறுதி எழுதிக் குடுக்குமாம்."

"அப்ப அவைக்கும் நிரந்தரமா இருக்கிற லாண்டட் பேப்பர் பிந்தித்தான் வந்ததோ?"

"பிந்தித்தான். பிறகேன் எங்களை முறைச்சுப் பாக்கினம் எண்டுதான் விளங்கேல்லை."

இன்னொரு நாள் சாம்பல் கதை. கையில் காசு புழங்காத சனம் அவர்கள். முட்டையும் பட்டரும் கொடுத்துத் தேயிலை வாங்குவார்கள். வெட்டின மரத்தை எரித்து, அந்தச் சாம்பலைக்கூட விற்றிருக்கிறார்கள். சவுக்காரம் செய்ய, கண்ணாடி செய்ய என்று அது இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிப் போகுமாம்.

"சாம்பலை ஆர் வாங்குவினம்?" என்றேன் நான்.

"ஏன், றிச்மண்ட் ஹில் கோயிலிலை நீ வாங்கிப் பூசேல்லையே?"

ஒருநாள் மட்டும் பஸ்ஸில் பேசாமல் வந்தார். காய்ச்சலோ என்று கேட்டேன். இல்லையாம். "அதுக்கு முதல் இந்தக் காணி ஆற்றை, ஆருக்குச் சொந்தம்?" என்று அந்த வயதான பெண்ணிடம் கேட்டிருக்கிறார். அந்தப் பெண் நூற்பதை நிறுத்திவிட்டு, இங்கே இருந்த ஆதிக் குடிகளிடம் கையெழுத்து வாங்கி அவர்களைத் தள்ளிவிட்டார்கள், அதை இந்த வீட்டில் நாங்கள் போதுமான அளவு சொல்லுவதில்லை என்று சொன்னாராம். மச்சாள் இறங்குகிற இடம் வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் வாய் திறக்காமல் வந்த பஸ் பயணம் எனக்கு அது ஒன்றுதான் நினைவிருக்கிறது.

அந்த வருசம் ஆவணியில், அந்தப் பெண் மகளோடு இருக்க வான்கூவருக்குப் போகப்போகிறார் என்று தெரியவந்தது. அடுப்படி வீட்டுக்கு ஆள் வேண்டும். அன்றிலிருந்து மச்சாளுக்கு வேறு நினைப்பில்லை.

"எனக்கு அந்த வேலை வேணும்" என்று மச்சாள், அண்ணா சாப்பிடும்போது சொன்னார்.

"அங்கை என்ன செய்யிறது?"

"வாறவையோடை கதைக்கிறது."

அண்ணா சோற்றைக் குழைத்தபடி சொன்னான்: "உமக்குச் சம்பளம் தந்து கதைக்கவிடுற அளவுக்கு இந்த நாடு இன்னும் கெட்டுப் போகேல்லை."

"உங்களோடை சும்மா கதைக்கிறன், அதாலை அருமை தெரியேல்லை."

ஆனால் நான் பாத்திரம் கழுவப் போனபோது என் பின்னால் வந்து மெல்லிய குரலில் சொன்னார்: "பகிடி இல்லையடி. அந்த மெஷினோடை இன்னும் கொஞ்சக் காலம் நிண்டனெண்டால் எனக்குக் கதை மறந்துபோகும். வீட்டை வந்து வாயைத் திறக்கப் பஞ்சியா, அலுப்பாக் கிடக்கு. அப்பிடி நான் ஒருநாளும் இருந்ததில்லை."

எனக்குப் பயமாக இருந்தது. கதைக்காத மச்சாளை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அடுத்த நாள் பழைய ஊரின் பொறுப்பாளரிடம் போய்க் கேட்டார். பொறுப்பாளர் ஒரு உயரமான, மெலிந்த வெள்ளைக்காரப் பெண். நல்லவர். மச்சாள் அவருக்கு நெட்டை மிஸ் என்று பெயர் வைத்திருந்தார். நெட்டை மிஸ் கைகளைப் பிசைந்தாராம். உன் உற்சாகம் எனக்குப் பிடிக்கும், ஆனால் வருகிறவர்கள் அந்தக் காலத்தைப் பார்க்க வருகிறார்கள், பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படிக்கிற ஒரு பெண்ணும் கேட்டிருக்கிறாள், பார்ப்போம் என்றாராம்.

"பாப்பம் எண்டால் இல்லையெண்டுதான் கருத்து" என்றார் மச்சாள். "எங்கட ஆக்களும் பொம்பிளை பாத்திட்டு அப்பிடித்தான் சொல்லுவினம்."

ஒக்ரோபர் மாதம் பழைய ஊரில் ஆப்பிள் விழா. அதில் ஒரு கூட்டு வேலை நடக்கும். குடியேறிய சனத்துக்குக் கூலிக்கு ஆள் பிடிக்க வழியில்லை. ஆகவே ஒரு வீட்டு வேலைக்குச் சுற்றியுள்ள வீட்டார் எல்லாம் வருவார்கள். வீடு எழுப்புவார்கள், மரம் இழுப்பார்கள், ஆப்பிள் உரிப்பார்கள். வந்தவர்களுக்குச் சாப்பாடு. பிறகு அவர்கள் வீட்டு வேலைக்கு இவர்கள் போகவேண்டும். போகாதவனை அடுத்த முறை ஒருவரும் கூப்பிடமாட்டார்கள். ஆப்பிளை உரித்து, வட்டமாக வெட்டி, நூலில் கோத்து அடுப்புக்கு மேலே காயக் கட்டுவார்கள். குளிர்காலம் முழுக்க அதுதான் பழம். இதைக் காட்டுவதற்கு வருசா வருசம் ஒரு தேவாலயத்துப் பெண்கள் வருவார்கள்.

விழாவுக்குக் கொஞ்சம் முன்னால் அந்தப் பெண்களுக்கெல்லாம் ஒரே காய்ச்சல். நெட்டை மிஸ் எங்கள் சாப்பாட்டுக் கடையில் வந்து இருந்து, கோப்பியைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சாள் ஈரக் கையோடு வெளியே போனார்.

"மிஸ், எத்தனை பொம்பிளைகள் வேண்டும்?" என்று இங்கிலிஷில் கேட்டார்.

"ஆப்பிள் உரிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும்."

"எங்கள் ஆட்கள் பலாக்காய் வெட்டுவார்கள். ஆப்பிள் சின்ன வேலை."

நெட்டை மிஸ் ஆறிப்போன கோப்பியை ஒரே மிடறில் குடித்தார். பிறகு சரி என்றார். அந்த நாள் நல்லபடி நடந்தால் அன்றைக்கே அடுப்படி வீட்டைப் பற்றி ஒரு முடிவு சொல்லுகிறேன் என்றும் சொன்னார். மச்சாள் திரும்பி உள்ளே வந்து, மெஷினை நிறுத்திவிட்டு, என்னைக் கட்டிப் பிடித்தார். என் சட்டை முழுக்கச் சவுக்கார நுரை.

எங்கள் கட்டிடத்தின் கீழ்மாடியில் ஒரு அன்ரி இருந்தார். அஜின்கோர்ட்டில் கலியாண வீடோ, பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீடோ, சமையலறை அவர் கையில்தான். மச்சாள் அவரிடம்தான் முதலில் போனார். நானும் கூடப் போனேன்.

"அன்ரி, சனிக்கிழமை ஒரு உதவி. எங்கட வேலையிடத்திலை ஆப்பிள் உரிக்கவேணும். ஆக்களையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"ஆற்றை கலியாணம்?"

"கலியாணமில்லை அன்ரி. அவையின்ரை முன்னோரை நினைச்சுச் செய்யிறது."

"ஓ, திவசமோ? அதுக்கு வராமல் விடலாமே? மச்சம் மாமிசம் ஒண்டும் இல்லைத்தானே?"

மச்சாள் என் பக்கம் திரும்பாமல், "ஆப்பிள்தான் அன்ரி" என்றார்.

படியேறும்போது நான் கேட்டேன்: "மச்சாள், திவசமில்லையெண்டு சொல்லேல்லையே?"

"விளங்கப்படுத்தினால் வரமாட்டினம். வந்து பாத்தால் விளங்கும்தானே."

சனிக்கிழமை காலமை அண்ணா சிநேகிதனுடைய வான் வண்டியைக் கேட்டு வாங்கி வந்தான். வான் நிறையப் பெண்கள். எல்லோரும் தோய்ந்து குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, விரதத்தோடு வந்திருந்தார்கள். அன்ரியின் கையில் ஒரு பெரிய பை. அதற்குள் என்ன இருக்கிறது என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை.

நெட்டை மிஸ் நீளப் பாவாடைகளும் வெள்ளைத் தொப்பிகளும் அடுக்கி வைத்திருந்தார். அன்ரி சேலைக்கு மேலேயே பாவாடையைக் கட்டினார். "உதென்ன, தலைக்குத் தலையணை உறையோ?" என்று தொப்பியைப் பார்த்துக் கேட்டார். தொப்பியைச் சரிசெய்துவிட வந்த நெட்டை மிஸ், அன்ரியின் நெற்றியில் அடுப்புச் சாம்பல் பட்டிருக்கிறது என்று நினைத்து, தன் கைக்குட்டையால் திருநீற்றை அன்பாகத் துடைத்துவிட்டார். மச்சாள் விழுந்து விழுந்து சிரித்தார். விசயத்தைச் சொன்னதும் நெட்டை மிஸ்ஸின் முகம் ஆப்பிளை விடச் சிவந்துபோனது. அன்ரி மடியிலிருந்து திருநீற்றுச் சரையை எடுத்துத் திரும்பவும் பூசிக்கொண்டு, "பரவாயில்லை, தாய் மாதிரித்தானே துடைச்சவ" என்றார்.

அடுப்படி வீட்டில் கூடை கூடையாக ஆப்பிள் வைத்திருந்தது. மேசையைச் சுற்றிக் கதிரைகள் போட்டிருந்தார்கள். எங்கள் ஆட்கள் கதிரைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, துணி விரித்து நிலத்தில் இருந்தார்கள். நெட்டை மிஸ் கடைவீட்டிலிருந்து ஒரு துண்டுக் கறுவாப்பட்டை கொண்டுவந்து மச்சாளிடம் கொடுத்தார். அந்தக் காலத்தில் ஏழை வீட்டில்கூட ஆப்பிளுக்குப் போட இது கொஞ்சம் வாங்குவார்கள், இலங்கையிலிருந்து கப்பலில் வந்தது என்றார். மச்சாள் அதை மணந்துவிட்டு என்னிடம் தந்தார். பிறகு மச்சாளுக்கு அளவான உடுப்புப் பார்க்க இரண்டு பேரும் அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

அவர்கள் போனதும் அன்ரி கைதட்டினார்.

"கெதியாப் பிள்ளையள், கெதியா. மத்தியானத்துக்கு முதல் படைக்கவேணும்."

பிறகு நடந்ததை நான் என்னவென்று சொல்ல. ஒருத்தி உரித்தாள், ஒருத்தி வெட்டினாள், ஒருத்தி கோத்தாள். கலியாண வீட்டுக்கு வெங்காயம் உரித்த கைகள். கதையும் பகிடியும் ஒரு பக்கம், கத்தி ஒரு பக்கம். பார்த்துக்கொண்டிருக்கக் கூடைகள் காலியாகின. கோத்த மாலைகளை அடுப்புக்கு மேலே வரிசையாகக் கட்டினார்கள். தோலையெல்லாம் கூட்டி அள்ளி, நிலத்தைத் துடைத்து, கத்திகளைக் கழுவிக் கவிழ்த்தும் விட்டார்கள்.

அன்ரி சுவரைப் பார்த்தார். அங்கே தாடி வைத்த ஒரு கிழவரின் பழைய படம் தொங்கியது.

"உவருக்குத்தானே?"

நான் மச்சாளைத் தேடி வாசலைப் பார்த்தேன். அன்ரி பையைத் திறந்தார். தமிழ்க் கடையில் வாங்கின வாழையிலை, ஊதுபத்தி, பூ. இலையைப் படத்துக்கு முன்னால் போட்டு, அதன் மேல் வெட்டின ஆப்பிளைக் குவித்து, ஊதுபத்தியைக் கொளுத்தினார். "ஐயர் எப்ப வருவார்?" என்று என்னைக் கேட்டார்.

அந்த நேரம் கதவு திறந்தது. நெட்டை மிஸ் முதல் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பின்னால் மச்சாள், பாவாடையும் தொப்பியுமாக.

நெட்டை மிஸ் காலியான கூடைகளைப் பார்த்தார். கழுவின கத்திகளைப் பார்த்தார். வாழையிலைக்கு முன்னால் கண்மூடி நின்ற பெண்களைப் பார்த்தார்.

"இது பின்னேரம் வரைக்கும் காட்டுகிற வேலை" என்று மெதுவாகச் சொன்னார்.

மச்சாள் அதைத் தமிழில் சொன்னதும் அன்ரிக்குக் கோபம் வந்துவிட்டது.

"வேலையெண்டால் முடிக்கிறதுதானே பிள்ளை? முடிக்காமல் வைச்சுக்கொண்டு காட்டுறதுக்கு என்ன பேர்?"

மச்சாளின் முகம் வாடிப்போனதை நான் பார்த்தேன். அந்த வேலை கையை விட்டுப் போய்விட்டது என்று நினைத்திருக்கிறார். ஆனாலும் மறைக்கவில்லை. வந்திருந்த எல்லோருக்கும் முன்னால், இங்கிலிஷில், தட்டித் தடுமாறிச் சொன்னார்: இவர்கள் இதை இறந்தவர்களுக்குச் சாப்பாடு படைக்கிற நாள் என்று நினைத்துவிட்டார்கள். எங்கள் வழக்கத்தில் அது மத்தியானத்துக்கு முன்னால் முடியவேண்டும். பிழை என்னுடையது. நான் விளங்கப்படுத்தவில்லை.

கூட்டத்தில் நின்ற ஒரு வெள்ளைக்கார அம்மா, படத்தில் இருப்பவர் யார் என்று கேட்டார். இந்த வீட்டைக் கட்டினவர், அவருடைய பிள்ளைகள் எங்கெங்கோ போய்விட்டார்கள், ஒருவரும் தேடி வந்ததில்லை என்றார் நெட்டை மிஸ்.

"என்னவாம்?" என்று அன்ரி கேட்டார். மச்சாள் சொன்னார்.

"பேரப்பிள்ளையள் ஒருத்தரும் வரேல்லையே? அப்ப நாங்கள் வந்தது நல்லதாப் போச்சு" என்று அன்ரி இன்னொரு ஊதுபத்தி கொளுத்தினார்.

மச்சாள் அதையும் மொழிபெயர்த்தார். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நெட்டை மிஸ்ஸும் சிரித்துவிட்டார். இலை இருக்கட்டும், ஆனால் பின்னேரம் வரைக்கும் என்ன செய்வது என்றார்.

"இஞ்சாருங்கோ!" என்று மச்சாள் வாசலில் நின்ற அண்ணாவைக் கூப்பிட்டார். "அந்த ஆலைக்குப் பின்னாலை நிக்கிற மரத்திலை எல்லாத்தையும் ஆய்ஞ்சுகொண்டு வாங்கோ."

"அது பன்றிக்குப் போடுறதெண்டு நீர் சொன்னதெல்லே?"

"நீங்கள் கொண்டு வாங்கோ."

அண்ணா சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து கொட்டினான். சின்னச் சின்னப் பச்சை ஆப்பிள். கடித்தால் பல் கூசுகிற புளிப்பு. மச்சாள் பெண்களுக்குக் கட்டளை போட்டார்: "இனி ஒருத்தரும் கெதியா உரிக்கக் கூடாது. சம்பளத்துக்கு உரிக்கிற மாதிரி உரியுங்கோ." எல்லோரும் சிரித்துக்கொண்டு ஆமை வேகத்தில் உரித்தார்கள். அன்ரிக்கு மட்டும் அது முடியாமல் போய், கத்தியைப் பறித்துவிட்டுத் தோல் பொறுக்க விட்டார்கள்.

உரித்த தோலை அறுபடாமல் தோளுக்குப் பின்னால் எறிந்தால், வரப்போகிற மாப்பிள்ளையின் முதல் எழுத்து விழுமாம். அந்தக் காலத்துப் பெட்டைகள் செய்த விளையாட்டு. மச்சாள் என்னையும் எறியச் சொன்னார். அன்ரி குனிந்து பார்த்தார்.

"உது 'ழ' எல்லே! 'ழ'விலை தொடங்கிற மாப்பிளைக்கு நான் எங்கை போறது? இவள் வீட்டோடைதான்."

ஒருத்தி புளி ஆப்பிளைக் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். மச்சாள் எங்கள் மத்தியானச் சாப்பாட்டுப் பையிலிருந்து உப்பையும் மிளகாய்த்தூளையும் எடுத்தார். மாங்காய் மாதிரித் தொட்டுத் தின்றோம். பார்த்துக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெட்டை தனக்கும் கேட்டாள். தின்றாள், கண்ணால் தண்ணீர் ஓட ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள், இன்னும் கேட்டாள். பிறகு வரிசை வாசலுக்கு வெளியே போய்விட்டது. நெட்டை மிஸ் இது அந்தக் காலத்தில் இல்லை, அந்தக் காலத்தில் இல்லை என்று சொல்லிச் சொல்லி, தானும் இரண்டு துண்டு தின்றார்.

மச்சாள் அன்றைக்குக் கதைத்த கதை கொஞ்சமில்லை. சாம்பல் விற்ற கதை, யன்னல் இல்லாத வீட்டுக் கதை, அதற்கு முன்னால் காணி யாருடையது என்ற கதை, எல்லாம் சொன்னார். இங்கிலிஷ் வராத இடத்தில் கை வந்தது.

பின்னேரம் போல ஒருவர் வந்தார். தொப்பி போட்ட பெரிய மனிசன். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அந்தக் காலத்தில் உங்களைப் போன்ற ஆட்கள் இங்கே இருந்தார்களா?"

கெட்ட எண்ணத்தோடு கேட்டாரா, அறியக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. நெட்டை மிஸ் வாசலில் நின்றார். அவருடைய முகம் இறுகிப்போனது. மச்சாள் கறுவாப்பட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"நான் இதோடு கப்பலில் வந்தேன்" என்றார். "இதை இறக்கினார்கள். என்னை இறக்க மறந்துபோனார்கள். இப்போதுதான் இறங்கியிருக்கிறேன்."

அந்த மனிசன் முதலில் விழித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். மச்சாளும் சிரித்துவிட்டு, "உண்மையில் நான் விமானத்தில் வந்தேன். அந்தச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறேன். நீங்கள் மத்தியானம் சாப்பிட்ட கோப்பை நான் நேற்றுக் கழுவியது" என்றார். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். மூடுகிற மணி அடிக்கும்வரை எழும்பவில்லை.

எல்லோரும் வானில் ஏறிக்கொண்டிருந்தபோது நெட்டை மிஸ் வந்தார். வசந்தத்தில் திறக்கும்போது நீ அடுப்படி வீட்டுக்கு வரலாம், சரித்திரம் படிக்கிற பெண்ணைக் கடைவீட்டுக்கு எடுக்கிறேன், அவளுக்குக் கதைக்கக் கூச்சம் என்றார். பிறகு, "ஆனால் மிளகாய்த்தூள் விழாவுக்கு மட்டும்" என்றார்.

மச்சாள் வானுக்குள் ஏறி இருந்து ஒன்றும் பேசவில்லை. எல்லோரும் பயந்துபோனோம். "கிடைக்கேல்லையே பிள்ளை?" என்று அன்ரி கேட்டார்.

"கிடைச்சிட்டுது அன்ரி" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதார்.

"இனி உமக்கு வாய் வலிக்குது எண்டு எனக்கு வந்து சொல்லக் கூடாது" என்றான் அண்ணா. வானைக் கிளப்பாமல் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

இரண்டு கோடைகாலம் மச்சாள் அந்த வீட்டில் இருந்தார். பாண் சுடப் பழகினார். அடுப்புச் சூடு பார்க்கக் கையை உள்ளே விட்டு, எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று எண்ணுவார்கள். மச்சாள் தமிழில் எண்ணுவார். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அவரோடு சேர்ந்து தமிழில் எண்ணுவார்கள். மாட்டுக் கொழுப்பில் மெழுகுதிரி வார்க்கச் சொன்னபோது, கந்தசட்டி விரதம் என்று சொல்லித் தேன் மெழுகு வாங்கினார். விரதம் முடிந்த பிறகும் தேன் மெழுகுதான் நடந்தது. நான் கோப்பை கழுவுகிற அறையிலிருந்து இடைவேளைக்குப் போனால், வாசலிலேயே அவருடைய குரல் கேட்கும். வீட்டுக்கு வந்தும் கதைப்பார். அண்ணா காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பான்.

இந்தப் பனிக்காலம் நோய் வந்தது. அதைப் பற்றி நான் எழுதவில்லை. எழுத எனக்கு முடியாது. ஆஸ்பத்திரியிலும் தாதிமாருக்குச் சாம்பல் விற்ற கதை சொன்னார் என்பதை மட்டும் சொல்லுகிறேன். கடைசி நாட்களில் குரல் போய்விட்டது. அப்போது நான் பக்கத்தில் இருந்து அவருடைய கதைகளை அவருக்கே சொன்னேன். பிழையாகச் சொன்ன இடங்களில் என் கையை அமத்தித் திருத்தினார்.

செத்தவீட்டுக்கு நெட்டை மிஸ் வந்திருந்தார். அன்ரி அவரைத் தன் பக்கத்தில் இருத்தினார். எல்லோரும் மரியாதைக்கு அமைதியாக இருந்தார்கள். அந்த அமைதிதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. மச்சாள் இருக்கிற இடத்தில் அப்படி ஒரு அமைதி நான் கண்டதே இல்லை.

ஆகவே இதை வாசிக்கிற எல்லோரிடமும் ஒன்று கேட்கிறேன். என் மச்சாளின் ஆத்மாவுக்காகப் பிரார்த்தியுங்கள். கோயிலில், வீட்டில், பஸ்ஸில், எங்கே வசதியோ அங்கே. ஆனால் மனதுக்குள் வேண்டாம். வாய் திறந்து, சத்தமாக, அவருக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லுங்கள். கேட்டால் அவர் சும்மா இருக்கமாட்டார்.